கடற்கரையில் முகாம், வெளியூரில் பாறை: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் ஒரு கடற்கரைக் கிராமம் என் ஊர். அப்பாவுக்கு நாட்டுப்படகு. அம்மா கடலில் பாசி எடுக்கப் போனவர். நான் 11 வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடலோர முகாம் நடத்துகிறேன், மற்ற மாதங்களில் ஊர் ஊராகப் போய்ப் பாறை ஏறுகிறேன். கல்யாண வீட்டிலும் ராமநாதபுரம் பஸ்ஸிலும் பார்ப்பவர்களும், பிள்ளைகளை முகாமுக்கு அனுப்பும் பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவரவர் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

நீ என்ன வேலைதான் பாக்குற தாயி? ஒண்ணும் புரியலையே.

இரண்டு வேலை. சம்பளத்துக்குச் செய்வது முகாம். மதுரை, திருச்சி, சென்னைப் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து வரும் பிள்ளைகள் மூன்று நாளோ ஐந்து நாளோ இங்கே தங்குவார்கள். துடுப்புப் படகு ஓட்டுவது, கண்ணாடி மாட்டிக்கொண்டு நீருக்குள் பார்ப்பது, கூடாரம் போடுவது, சமைப்பது, பக்கத்தில் இருப்பவனைக் கவனித்துக்கொள்வது எல்லாம் கற்றுக்கொடுப்போம். வெயில் காலத்தில் இமயமலைப் பக்கம் போய் உதவிப் பயிற்றுநராகவும் இருப்பேன்.

இரண்டாவது, என் சொந்தச் செலவில் பாறை ஏறுவது. கையாலும் காலாலும்தான் ஏற வேண்டும். கயிறு இருக்கும், ஆனால் அதைப் பிடித்து ஏறக் கூடாது. தவறி விழுந்தால் தாங்கத்தான் அது.

கேம்ப்னா பிள்ளைங்களை விளையாட விடுறதுதானே? அதுல என்ன கல்வி இருக்கு?

இந்தக் கல்விமுறைக்குப் பேர்போன 'அவுட்வர்ட் பவுண்ட்' பள்ளி 1941இல் வேல்ஸ் நாட்டுக் கடற்கரையில், அபர்டோவி என்ற ஊரில் தொடங்கியது. கர்ட் ஹான் என்ற ஆசிரியரும் லாரன்ஸ் ஹோல்ட் என்ற கப்பல் முதலாளியும் சேர்ந்து தொடங்கினார்கள். அது உலகப்போர் சமயம். குண்டடிபட்டு மூழ்கிய கப்பல்களிலிருந்து உயிர்காப்புப் படகில் தப்பியவர்களில், வயதான மாலுமிகளைவிட உடல்பலம் உள்ள இளைஞர்கள் சீக்கிரம் தளர்ந்துபோகிறார்கள் என்று ஹோல்ட் நினைத்தார். பழைய மாலுமிகளுக்குக் கடலும் தெரியும், காத்திருக்கவும் தெரியும். அதை இளைஞர்களுக்கு எப்படிக் கொடுப்பது என்பதுதான் அந்தப் பள்ளியின் முதல் கேள்வி. மலையேற்றமெல்லாம் அப்புறம் பிரபலமானது. தொடங்கிய இடம் கடல்தான் என்பதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஞாபகம்தான் வந்தது.

இங்கே ஒரு பாடம் எப்படி நடக்கும் என்றால், நீர் வற்றிய காலையில் முழங்கால் ஆழத்தில் கடற்புல் மேல் மெதுவாக நடப்போம். ஒரு பையன் கடல் அட்டையைப் பார்த்துத் தூக்கப் போவான். "தொடாதே, 2001லிருந்து இதைப் பிடிக்கத் தடை" என்று சொன்னால் "ஏன்?" என்பான். அட்டை மணலைத் தின்று அதிலுள்ள கழிவைச் செரித்துவிட்டு, சுத்தமான மணலை வெளியே தள்ளும். அதன் பின்பக்கம் கிடக்கும் மணல் உருண்டையைக் காட்டுவேன். பத்து நிமிடம் குனிந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பான். வகுப்பில் பத்து நிமிடம் உட்கார மாட்டான் என்று அவனைப் பற்றி ஆசிரியர் முந்தின நாள்தான் சொல்லியிருப்பார்.

நம்ம பக்கம் ஒரு குன்றுகூட இல்லையே, பாறை ஏற எங்க கத்துக்கிட்டீங்க?

உண்மைதான். ராமேஸ்வரம் தீவில் உயரமான இடம் கந்தமாதன பர்வதம், பேரில்தான் பர்வதம். மற்றதெல்லாம் மணலும் பவளக்கல்லும் பனையும். நான் முதலில் ஏறியது பெங்களூருக்குப் பக்கத்தில் ராமநகரம், ஒரு தோழியோடு. கருங்கல். அப்புறம் ஹம்பி, பாதாமி. ஹம்பியில் ஆள் உயரம், இரண்டாள் உயர உருண்டைக் கற்கள். கயிறு இல்லாமல், கீழே மெத்தை போட்டு ஏறலாம். பாதாமி செம்மணற்கல், நெடுஞ்சுவர் மாதிரி நிற்கும். மழை பெய்தால் மணற்கல் ஈரத்தில் வலுவிழந்து பிடி உடைந்துவிடும். அதனால் நன்றாகக் காயும்வரை தொடக் கூடாது.

"மதுரையில் யானைமலை இருக்கே" என்பார்கள். அங்கே சமணர் படுகைகள் இருக்கின்றன, அது பாதுகாக்கப்பட்ட இடம். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட, அதே மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டியில் வல்லூறுகள் கூடு கட்டுகின்றன. கல்வெட்டு உள்ள பாறையிலும் கூடு உள்ள பாறையிலும் நான் கை வைக்க மாட்டேன், என்னோடு வருபவரையும் வைக்க விட மாட்டேன்.

எந்த மாசம் எங்க இருப்பீங்க? போன் பண்ணா கிடைக்க மாட்டேங்கிறீங்க.

காற்றுதான் என் காலண்டர். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர்வரை இங்கே மழையும் புயல் பயமும். அப்போது முகாம் கிடையாது. நவம்பர் பாதிக்குமேல் ஹம்பி, பாதாமி போய்விடுவேன், குளிரில் பாறை நன்றாகப் பிடிக்கும், கை வேர்க்காது. ஜனவரி கடைசியில் ஊர் திரும்பி ஏப்ரல்வரை முகாம். மே, ஜூனில் மணாலிப் பக்கம். ஜூலை, ஆகஸ்டில் மணாலியிலும் மழை பிடித்துக்கொள்ளும், மலைக்கு அந்தப் பக்கம் லடாக்கும் ஸ்பிதியும் காய்ந்து கிடக்கும். அங்கே போகிற வருடமும் உண்டு, ஊரிலேயே இருக்கிற வருடமும் உண்டு.

ஊரில் இருந்தாலும் எந்தக் கடலில் முகாம் என்பதைக் காற்றுதான் சொல்லும். வாடை அடிக்கும்போது பாக் நீரிணைப் பக்கம் கலங்கிவிடும், மன்னார் வளைகுடாப் பக்கம் அடங்கிக் கிடக்கும். தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும்போது தலைகீழ். சில கிலோமீட்டர் அகல நிலத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு கடல் கிடைத்திருப்பது இந்த வேலைக்குப் பெரிய கொடை.

எங்க தாத்தா பனையேறி. அதுவும் இதுவும் ஒண்ணுதானேக்கா?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும். உடம்பு செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். புதிதாகப் பாறைக்கு வருபவர் கையால் தன்னை இழுப்பார், ஐந்தே நிமிடத்தில் முன்கை இறுகிப்போகும். காலில் நின்று, இடுப்பைப் பாறையோடு ஒட்டி, கையை ஓயவிடக் கற்பதற்கு ஒரு வருடம் ஆகும். சாயல்குடிப் பக்கம் ஒரு பெரியவர் தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு ஏறுவதைப் பார்த்தேன். பாதங்களால் மரத்தை அழுத்தி நின்று, இரண்டு கையும் ஓய்வாக மரத்தைத் தழுவியிருக்கும், அப்புறம் கால் இரண்டையும் சேர்த்து மேலே எடுப்பார். பாளை சீவும்போது மட்டைக்கு இடையில் உட்கார்ந்து, அரிவாள்பெட்டியிலிருந்து பாளை அரிவாளை எடுக்க ஒரு கை தாராளமாக மிச்சம் இருந்தது. நான் பணம் கொடுத்துக் கற்றது அத்தனையும் அதில் இருந்தது.

வித்தியாசம் ஒன்று, பெரிய வித்தியாசம். நான் விழுந்தால் கயிறு பிடிக்கும். அவர் விழுந்தால் மண். நான் விருப்பப்பட்ட நாளில் ஏறுகிறேன். அவர் பருவம் முழுக்கக் காலையும் மாலையும் அத்தனை மரம் ஏறினால்தான் பதநீர். அந்தத் தொழிலைச் செய்தவர்களை ஊர் மதிப்பாக நடத்தவில்லை என்பதும் சேர்ந்த வித்தியாசம்தான். முகாம் பிள்ளைகளுக்கு ஏற்றம் என்றால் என்ன என்று சொல்லும்போது முதலில் அந்தப் பெரியவரிடம்தான் கூட்டிப் போகிறேன், அவருக்கும் பயிற்றுநர் சம்பளம் உண்டு.

கை ஏன் இப்படி காய்ச்சுப்போய் கிடக்கு? மருந்து போட மாட்டியா?

காய்ப்பு வேண்டும், அதுதான் தோல் கிழியாமல் காப்பது. மேடாக எழும்பினால் மட்டும் தேய்த்து மட்டப்படுத்துவேன், இல்லையென்றால் பிய்ந்து வந்துவிடும். விரல் மூட்டில் ஒட்டுப்பட்டை சுற்றுவேன்.

அந்தச் சுற்று எனக்குப் புதிதில்லை. மரிக்கொழுந்துப் பாசி கல்லில் ஒட்டி வளரும். அதைப் பிடுங்க இறங்கும் முன் அம்மா கரையில் உட்கார்ந்து பழைய சேலையைக் கிழித்து, ஒவ்வொரு விரலிலும் நகத்துக்குக் கீழே தொடங்கி இரண்டு சுற்று, மூட்டை விட்டு இன்னொரு சுற்று, முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்குவார். மூட்டு மடங்க வேண்டும், தோல் மூடியிருக்க வேண்டும். பாதாமியில் ஒருவர் எனக்கு ஒட்டுப்பட்டை சுற்றக் கற்றுக்கொடுக்க வந்தபோது, நான் ஏற்கெனவே அப்படித்தான் சுற்றி முடித்திருந்தேன்.

கயிறு அறுந்தா என்ன ஆகும்? படகுக் கயிறு அதைவிட மொத்தமா இருக்கே, அதுல ஏறக் கூடாதா?

கூடாது. தடிமன் முக்கியமில்லை, இழுபடுவதுதான் முக்கியம். ஏறும் கயிறு சுமார் 10 மில்லிமீட்டர்தான். உள்ளே நைலான் இழைகள், வெளியே நெய்த உறை. விழும்போது நீண்டு கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். 80 கிலோ எடையைக் கடுமையான வீழ்ச்சியாகக் குறைந்தது 5 முறை தாங்கினால்தான் அதற்குச் சான்று கிடைக்கும். படகுக் கயிறு நீளாது. படகைக் கட்ட அதுதான் சரி, ஆனால் மனுஷர் அதில் விழுந்தால் கயிறு அறாவிட்டாலும் இடுப்பு தாங்காது. வெயிலில் கிடந்து உளுத்த கயிறு என்றால் அறவும் செய்யும்.

நல்ல கயிறு சும்மா அறாது. கூரான கல்விளிம்பில் உரசினால் அறும். அதைவிட, முடிச்சை முழுசாகப் போடாமல் பேச்சுவாக்கில் ஏறிவிடுவதால் நடக்கும் விபத்துகளே எனக்குப் பயம். ஏறுபவர் போட்ட எட்டு முடிச்சைக் கயிறு பிடிப்பவர் கையால் தடவிப் பார்க்க வேண்டும், அவர் கயிற்றை மாட்டியிருக்கும் பூட்டை இவர் பார்க்க வேண்டும். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் ஒவ்வொரு முறையும்.

மலைதானே இல்ல, பாம்பன் பாலத் தூண்ல ஏறிப் பழகலாம்ல?

கூடாது. ரயில்வே இடம், சட்டப்படி குற்றம், கீழே நீரோட்டம் வேகம். 1914இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தார்கள். பழைய பாலம் சும்மாதானே கிடக்கிறது என்று பையன்கள் கேட்கிறார்கள். ஒரு நூற்றாண்டு உப்புக்காற்று தின்ற இரும்பு அது.

உப்பைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாய்லாந்தில் ரைலே என்ற கடலோரப் பாறையில், கயிறு மாட்ட அடித்த எவர்சில்வர் போல்ட்டுகள் வெளியே பளபளப்பாக இருந்துகொண்டே உள்ளுக்குள் விரிசல் விட்டு, சில வருடங்களிலேயே உடைந்திருக்கின்றன. இப்போது அங்கே டைட்டானியம் போல்ட்டைப் பசை வைத்துப் பதிக்கிறார்கள். என் சாமான்களையும் ஊருக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்து மூடிய டப்பாவில் வைப்பேன். ஒருமுறை இரண்டு வாரம் ஆணியில் தொங்கவிட்டுவிட்டேன். கயிறு மாட்டும் கொக்கியான காராபினரின் வாய்மூட்டில் வெள்ளைப் பொடி பூத்து, அழுத்தினால் திறந்தது, விட்டால் மூடவில்லை. அதைத் தூக்கிப் போட்டேன்.

எங்க பையன் கடல்லயே வளர்ந்தவன், நல்லா நீச்சல் தெரியும். லைஃப் ஜாக்கெட் எதுக்கு?

என் சித்தப்பா இந்தக் கரையில் பேர் சொல்லும் நீச்சல்காரர். வத்தை என்ற சின்னப் படகிலிருந்து விழும்போது தலை விளிம்பில் மோதியது. மயங்கியவருக்கு நீச்சல் தெரியாது. என் முகாமில் ஜாக்கெட் போடாத பிள்ளை படகில் ஏறாது, அப்பா யாராக இருந்தாலும் சரி.

சொறி பட்டா, திருக்கை குத்துனா என்ன செய்வீங்க?

சொறி என்பது ஜெல்லிமீன். அது பட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது. கடல்நீரிலேயே அலசி, ஒட்டியிருக்கும் இழைகளை எடுத்துவிட வேண்டும். திருக்கை குத்தினால் காலைப் பொறுக்கும் அளவு சூடான நீரில் வைத்தால் வலி குறையும். முள் ஆழமாக இருந்தால் பிடுங்காமல் ஆஸ்பத்திரிக்கு. மூச்சு வாங்கினாலோ உடம்பு தடித்தாலோ எதுவும் செய்துகொண்டு நிற்காமல் 108.

குத்து வாங்காமல் இருக்கப் பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துக்கொண்டே நடக்க வேண்டும். திருக்கை அதிர்வைக் கேட்டு விலகிவிடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் ஆத்தா.

தீவுக்கே கூட்டிட்டுப் போய் கேம்ப் போட்டா இன்னும் நல்லா இருக்குமே?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986லிருந்து தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது, கூடாரம் பற்றிய பேச்சே இல்லை. அந்த 21இல் இரண்டு, பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும், நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். பவளப்பாறை இருந்தால்தான் அலை உடையும், அலை உடைந்தால்தான் தீவு நிற்கும். பிள்ளைகளிடம் இதைக் கரையில் நின்றே சொல்லலாம்.

பொம்பளைப் பிள்ளையத் தனியா அனுப்ப மனசு வரலை. மாசக் கணக்கு வந்தா என்ன செய்யும்?

முகாமில் பெண் பயிற்றுநர் இல்லாமல் பெண்பிள்ளைகளை எடுப்பதில்லை. எங்கே அனுப்பினாலும் அதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். மாதவிடாயில் கடலில் இறங்கலாம், ஏறலாம். வலி இருந்தால் கரையில் உட்காரலாம், காரணம் யாரும் கேட்க மாட்டோம். பயன்படுத்தியதைப் போட மூடியுள்ள வாளி, கை கழுவ நல்ல தண்ணீர் இரண்டும் எப்போதும் இருக்கும்.

தனியாகப் பயணம் போவதைப் பற்றி என்றால், எங்கள் ஊர்ப் பெண்கள் விடியுமுன் தலைக்குமேல் ஆழமுள்ள நீரில் பாசி எடுத்துக் குடும்பம் நடத்தியவர்கள். பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி, பாசி எடுக்கும் உரிமைக்காகவும் கடலைக் காப்பதற்காகவும் நின்று, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருதை 2015இல் பெற்றார். என்னை ஹம்பிக்கு அனுப்பும்போது அம்மா சொன்னது ஒன்றுதான்: ராத்திரி பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்.

சம்பளம் எவ்வளவு வரும்? குடும்பம் நடத்த முடியுமா?

முதல் வருடம் எனக்கு முகாம் நாளுக்கு 800 ரூபாய், சாப்பாடு, தங்குமிடம். வருடத்தில் நூறு நாள்கூட வேலை இல்லை. இப்போது பரவாயில்லை, ஆனாலும் மழைக்காலச் செலவைக் கோடையிலேயே எடுத்துவைக்க வேண்டும். படகு இறக்க முடியாத நாட்களுக்கும் சேர்த்து முன்பே சேமிக்கும் வீட்டில் பிறந்ததால் அந்தப் பழக்கம் இருக்கிறது. கடன் வாங்கி இந்த வேலைக்கு வராதீர்கள்.

விபத்துக் காப்பீடு எடுப்பவர்கள் விலக்குகள் பக்கத்தைப் படியுங்கள். சாகச விளையாட்டு சேராது என்று அங்கேதான் எழுதியிருக்கும்.

எங்க படிக்கணும்? டிகிரி வேணுமா?

டிகிரி தேவையில்லை. உத்தரகாசியில் நேரு மலையேற்றப் பயிற்சி நிலையம் (1965), டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம் (1954) இருக்கின்றன. எவரெஸ்ட் ஏறிய டென்சிங் களப்பயிற்சி இயக்குநராக இருந்தது டார்ஜிலிங்கில்தான். மணாலியிலும் அரசு நிலையம் உண்டு. அடிப்படைப் பயிற்சி சுமார் நான்கு வாரம். அதில் 'ஏ' கிரேடு வாங்கினால் அட்வான்ஸ், அதிலும் 'ஏ' வாங்கினால் கற்பிக்கும் முறைக்கான பயிற்சி. இந்தியர்களுக்குக் கட்டணத்தில் அரசு சலுகை இருக்கிறது, இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். இதோடு, ஆஸ்பத்திரி தூரமான இடங்களுக்கான முதலுதவிப் பயிற்சியைத் தனியாக எடுங்கள். எனக்கு அதிகம் பயன்பட்டது அதுதான்.

இந்தி தெரியாதே என்று தயங்க வேண்டாம். முதல் வாரம் கஷ்டமாக இருக்கும், அப்புறம் கயிறு பேசும்.

பெத்தவங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டா உங்க பொறுப்பு முடிஞ்சுதா?

இல்லை. ஆபத்து என்னென்ன என்று உங்களுக்குச் சொன்னதற்கான சாட்சிதான் அந்தக் கையெழுத்து. என் அலட்சியத்துக்கு அது கேடயமாகாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மார்ச் மாதம், காய்ந்த புல். அந்தச் செய்தியைப் படித்த இரவுதான் என் முகாம் தாளில் முதல் வரியை மாற்றினேன். முன்பு 'என்னென்ன செய்வோம்' என்றிருந்தது. இப்போது 'எப்போது நிறுத்துவோம்' என்று தொடங்குகிறது. எந்த முகாமுக்கு அனுப்பினாலும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள், உடனே பதில் வராவிட்டால் அனுப்பாதீர்கள்.

உங்களுக்குப் பயமே கிடையாதா?

உண்டு. பாறையில் எனக்கு வரும் பயத்தை அடக்கக் கற்றிருக்கிறேன். மூச்சை மெதுவாக விட்டு, கால் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் பாதி போய்விடும். முகாமில் வரும் பயம் வேறு, அதை அடக்க நான் முயல்வதில்லை. பிள்ளைகள் நீரில் இருக்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்று, இரண்டு என்று குரல் கொடுத்து எண்ணிக்கை சொல்வார்கள். பதினேழு என்ற குரலுக்குப் பின் பதினெட்டு வர அரை நொடி தாமதமானால் வயிறு கலங்கும். எண்ணி முடிந்தபின்தான் மூச்சு.

போன வருஷம் ஒரு ஸ்கூல் கேம்ப்ல படகை இறக்கவே விடலையாமே. அன்னைக்குக் கடல் குளம் மாதிரி கிடந்துச்சு, நீங்க செஞ்சது தப்புதானே?

கடல் குளம் மாதிரிதான் கிடந்தது. சாயங்காலம்வரை அப்படியேதான் இருந்தது. ஆனால் வந்தது 42 பிள்ளைகள். படகில் 8 பிள்ளைக்கு ஒரு பயிற்றுநர் என்பது என் கணக்கு. ஆறு பேர் வேண்டும், ஒருவருக்குக் காய்ச்சல், இருவர் வந்த பஸ் பரமக்குடியில் நின்றுவிட்டது. மிச்சம் மூன்று பேர். ஆளுக்கு 14 பிள்ளைகள். பாதிப் பாதியாக இறக்கலாமே என்று அவர்கள் ஆசிரியர் கேட்டார். நீரில் இருக்கும் 21 பேருக்கே மூன்று பேரும் போய்விடுவோம், கரையில் நிற்கும் 21 பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க மாட்டார்கள்.

அதனால் படகுகளைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து முடிச்சுப் பழகினோம். அப்பாவும் வந்து வலை பின்னிக் காட்டினார். அந்தப் பள்ளி பாதிப் பணத்தைக் கொடுக்கவில்லை, இந்த வருடம் கூப்பிடவும் இல்லை. இனியும் மூன்று பேரோடு 42 பிள்ளைகள் வந்து நின்றால் படகுகள் கரையில்தான் இருக்கும்.